தீவாந்தரம் என்ற சொல்



என் பாட்டி பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். இந்தப் பகுதியில் பிறந்த பலரையும் போலத் தமிழைத் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார். தெலுங்கைத் தொடங்கித் தமிழில் முடிப்பார். கடைக்கு அனுப்பிய பிள்ளை திரும்பி வர நேரமானால் திண்ணையில் நின்றுகொண்டு, "உப்பு வாங்கப் போனவன் தீவாந்தரம் போயிட்டானா?" என்பார். கடலை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்த்தார். தீவு எதையும் பார்த்ததில்லை. ஆனாலும் போனவன் திரும்பாத இடத்துக்கு அவர் வாயில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை. இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடை.

குற்றவாளியைக் கடல் கடத்தும் தண்டனைக்கு நம்மிடம் வழங்கிய பெயர் தீவாந்தரம். கடலோடிகளின் தண்டனைச் சொற்கள் பெரும்பாலும் வந்தேறிச் சொற்களாகவே இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'கீல்ஹால்' என்று ஒரு சொல் உண்டு. இன்று ஒருவரைக் கடுமையாகக் கண்டிப்பதற்கு அதைச் சொல்வார்கள். அது டச்சு மாலுமிகளிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். 'கீல்' என்பது கப்பலின் அடிமரம், நம் தோணி கட்டுபவர்கள் ஏரா என்று சொல்வது. குற்றம் செய்த மாலுமியைக் கயிற்றில் கட்டி, கப்பலின் ஒரு பக்கத்திலிருந்து கடலில் இறக்கி, அடிமரத்துக்குக் கீழாக இழுத்து, மறுபக்கத்தில் மேலே ஏற்றுவார்கள். கப்பலின் அடியில் ஒட்டி வளர்ந்த சிப்பிகள் அவன் உடம்பைக் கிழிக்கும். லீவ் வெர்சூயர் என்ற டச்சு ஓவியர் 17ஆம் நூற்றாண்டில் தீட்டிய படம் ஒன்று ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அப்படித் தண்டிக்கப்படுபவர் ஒரு கப்பல் மருத்துவர். சுற்றிலும் படகுகளில் கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிறது. டச்சுக் கடற்படை இந்தத் தண்டனையைக் கைவிட 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று. இந்த டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியமானவர்கள் இல்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்தவர்கள்தாம். அவர்களின் கல்லறைகள் மண்டை ஓடும் எலும்பும் செதுக்கிய கற்களோடு இன்றும் அங்கே இருக்கின்றன.

சவுக்கு என்று நாம் சொல்கிறோமே, அதுவும் இப்படி ஊர் சுற்றிய சொல்தான். பாரசீகத்தின் 'சாபுக்' இந்துஸ்தானி வழியாக நமக்குச் சவுக்காக வந்தது. அதே சொல் கப்பலேறி மலாய் மொழியில் 'சம்புக்' ஆயிற்று. அங்கிருந்து டச்சுக் கப்பல்களில் தென்னாப்பிரிக்கா போய் 'சாம்பொக்' என்ற பெயரில் தோட்டங்களில் மனிதர்களின் முதுகில் இறங்கியது. அடிக்கும் கருவியும் அதன் பெயரும் ஒரே கப்பலில் போயிருக்கின்றன.

ஆனால் நம்மிடம் வழங்கிய தீவாந்தரம் அந்த வகையில் சேராது. அது தண்டனையாகவே பிறந்த சொல் இல்லை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். வடமொழியில் த்வீபம் என்றால் இரு புறமும் நீர் சூழ்ந்த நிலம். அதுவே நமக்குத் தீவு. அந்தரம் என்றால் வேறொன்று. தேசாந்தரம் வேறொரு நாடு, ஜன்மாந்தரம் வேறொரு பிறவி, தீவாந்தரம் வேறொரு தீவு. அவ்வளவுதான். அச்சமோ அவமானமோ இந்தச் சொல்லின் எந்த உறுப்பிலும் இல்லை. இதன் உடன்பிறப்பான தேசாந்தரத்தைப் பாருங்கள். தேசாந்திரி என்றால் ஊர் ஊராகப் போகிற பரதேசி, யாத்திரை போகிறவர். இந்தத் திருத்தணி மலையின் 365 படிகளில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்! தேசாந்தரம் போனவருக்கு நாம் சோறு போட்டோம். தீவாந்தரம் போனவருக்காக அழுதோம்.

தமிழ்க் காது இன்னொன்றையும் செய்தது. நமக்கு அந்தரம் என்றால் இடைவெளி, பிடிமானமில்லாத வெட்டவெளி. அந்தரத்தில் தொங்குகிறது என்கிறோம். என்னை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்கிறோம். ஆகவே தீவாந்தரம் என்று கேட்ட தமிழருக்கு 'வேறொரு தீவு' என்ற அகராதிப் பொருள் மட்டும் எட்டவில்லை. இந்தக் கரையும் இல்லாமல் அந்தக் கரையும் இல்லாமல் தொங்குகிற ஒரு நிலையும் கூடவே கேட்டது. என் பாட்டியின் குரலில் நான் கேட்டது அதைத்தான்.

இந்தச் சொல்லின் இளமைக் காலம் மணம் மிக்கது. காளிதாசனின் ரகுவம்சத்தில் ஆறாம் சருக்கம் இந்துமதியின் சுயம்வரம். கலிங்க மன்னனைத் தோழி அறிமுகப்படுத்துகிறாள். அவனோடு கடற்கரைச் சோலையில் உலாவலாம், தீவாந்தரத்திலிருந்து கிராம்புப் பூவைக் கொண்டுவரும் காற்று உன் வியர்வையைத் துடைக்கும் என்ற பொருளில் ஆசை காட்டுகிறாள். கிராம்பு அந்தக் காலத்தில் உலகத்தில் வேறெங்கும் விளையவில்லை. இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளில் மட்டும்தான் விளைந்தது. ஆக, கவிஞன் சொல்கிற தீவாந்தரம் வெறும் 'ஏதோ ஒரு தீவு' இல்லை. வங்கக் கடலுக்கு அப்பால் இருக்கும் மலாய்த் தீவுக்கூட்டம். சீனத்தில் கிடைத்த பழைய வடமொழி அகராதி ஒன்றைக் கொண்டு சில்வான் லெவி என்ற பிரெஞ்சு அறிஞர் 1931இல் இதை விளக்கினார். ஜாவாவிலும் இந்தச் சொல் வழங்கியது. 'நூஸா' என்றால் அங்கே தீவு. 'நூஸாந்தரா' என்றால் தீவாந்தரம். இந்தோனேசியர்கள் தங்கள் தாயகத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டினார்கள். போர்னியோவில் எழுப்பிவரும் புதிய தலைநகருக்கும் 2022இல் நூஸாந்தரா என்றே பெயர் வைத்தார்கள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு சொற்கள். அவர்களிடம் ஒன்று தலைநகரத்தின் பெயர்ப்பலகையில் ஏறியது. நம்மிடம் மற்றொன்று தீர்ப்பின் கடைசி வரியில் போய் நின்றது.

நாட்டு மருந்துக் கடையில் பறங்கிப்பட்டை என்று கேட்டால் சிவந்த, முடிச்சு முடிச்சான ஒரு கிழங்கை எடுத்துத் தருவார்கள். கையில் எடுத்தால் காய்ந்த இஞ்சியைவிடக் கனமாக இருக்கும். உடைத்தால் உள்ளே வெளிர்ச்சிவப்பாக மாவு தெரியும். சித்த மருத்துவர்கள் தோல் நோய்களுக்கு இதைக் கொடுப்பார்கள். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூல் இந்தக் கிழங்குக்குத் தரும் பெயர் 'த்வீபாந்தர வசா'. தீவாந்தரத்து வசம்பு என்று பொருள். கடல் கடந்து வந்த சரக்கு என்பதற்கு அடையாளமாக அந்த அடைமொழி. காளிதாசனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும், போர்த்துக்கீசியர் வந்து சேர்ந்த பிறகும், தீவாந்தரம் என்பது நல்ல பண்டங்கள் வருகிற திசையாகவே இருந்திருக்கிறது. நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியர்கள் என்றைக்குமே கடலுக்கு அஞ்சியவர்கள், ஆகவே கடல் கடத்துவது இயல்பாகவே அவர்களுக்குத் தண்டனை என்று வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்தார்கள். நாமும் அதை நம்பிவிட்டோம்.

அதில் பாதி உண்மை இருக்கிறது. பௌதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிழப்புக்குரிய குற்றங்களில் வைக்கிறது. ஆனால் தமிழகத்தின் கதை அந்த ஒரு நூலுக்குள் அடங்காது. கடல் கடந்த காழகத்திலிருந்து வந்த பொருள்கள் பூம்புகார்த் துறையில் குவிந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. சுமத்ராவின் பாரூஸ் துறையில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088இல் தமிழிலேயே கல்வெட்டு வைத்தார்கள். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் வரை போனது. பொருள் தேடக் கடலில் ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த கொன்றை வேந்தன் நம் திண்ணைப் பள்ளிகளில் ஓதப்பட்டது. கடலோரத் தமிழனுக்குத் தீவாந்தரம் பிழைப்பின் பெயர்.

பிறகு எப்படி மாறியது? கப்பல் கை மாறியது. அதுதான் நான் கண்ட விடை.

பழவேற்காட்டு டச்சுக்காரர்கள் துணி ஏற்றிய கப்பல்களிலேயே, பஞ்ச காலங்களில், விலைக்கு வாங்கிய மனிதர்களையும் ஜாவாவின் பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து அப்படிப் போன அடிமைகள் ஆயிரக்கணக்கில். கிராம்பு வந்த வழியில் மனிதன் போனான். அடுத்து வந்த ஆங்கிலக் கம்பெனி அதையே சட்டமாக்கியது. 1787இல் சுமத்ராவின் பென்கூலனுக்கு இந்தியக் கைதிகள் அனுப்பப்பட்டார்கள். பிறகு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், அரக்கான், தெனாசரிம், மொரீஷியஸ். கம்பெனிக்குப் புதுத் தீவுகளில் காடு வெட்டவும் சாலை போடவும் ஆள் வேண்டும். கூலி கொடுக்க மனமில்லை. குற்றவாளியை அனுப்பினால் இரண்டும் தீர்ந்தது. பென்கூலனிலும் பினாங்கிலும் அந்தக் காலத்தில் கம்பெனியார் எதைப் பயிரிட்டார்கள் தெரியுமா? சாதிக்காயும் கிராம்பும்.

தமிழ் மண்ணில் இந்தத் தண்டனை பெரிய அளவில் விழுந்தது பாளையக்காரர் போருக்குப் பிறகு. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில், எஞ்சிய தலைவர்கள் எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். வேலு நாச்சியாரின் மருமகனும் சிவகங்கையின் அரசருமான வேங்கை பெரிய உடையணத் தேவர் அவர்களில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி இன்னொருவர், மீசை அரும்பாத பையன். பினாங்கு யாருடைய தீவு? 1786இல் கெடா சுல்தானிடமிருந்து கம்பெனி பெற்றுக்கொண்டது. கெடாதான் கடாரம். ராஜேந்திரன் படையோடு போன துறையின் எதிரே, 777 ஆண்டுகள் கழித்துத் தமிழ் அரசர் ஒருவர் விலங்கோடு இறக்கப்பட்டார்.

அந்தப் பையனைப் பற்றி ஒரு செய்தி உண்டு. படிக்கும்போதெல்லாம் என்னைக் கலங்க வைப்பது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரி போருக்கு முன் சின்ன மருதுவோடு நட்பாக இருந்தவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று அவரே எழுதுகிறார். பிறகு அதே மருதுவை எதிர்த்துப் போரிட்டார். 1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனார். தளர்ந்து உருமாறிப்போன ஒருவர் வந்து எதிரில் நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. நான்தான் துரைச்சாமி என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. பதினாறு ஆண்டுகளில் ஒரு இளைஞனைக் கிழவனாக்கியிருந்தது அந்தத் தீவு. 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் இதை எழுதியிருக்காவிட்டால், துரைச்சாமியின் முகம் எப்படி ஆயிற்று என்பதுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

அரசருக்கும் தலைவர்களுக்கும் இப்படியென்றால் பெயரில்லாதவர்களுக்கு? ஆயுள் கைதிகளின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தினார்கள். தப்பி ஓடினாலும் முகமே காட்டிக்கொடுக்கும். வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் நடந்த இந்தக் கொடுமை 1849இல்தான் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னும் பழைய கைதிகள் அந்த நெற்றியோடுதான் வாழ்ந்து முடிந்தார்கள். நம்மிடம் 'மானம் கப்பலேறிப் போச்சு' என்று ஒரு வழக்கு இருக்கிறது. நாம் எவ்வளவு லேசாகச் சொல்கிறோம்! நெற்றியில் எழுத்தோடு மகனைக் கப்பலேற்றிய ஒரு தாயின் காதில் அந்த வழக்கு எப்படி விழுந்திருக்கும்?

இந்த அச்சத்தை ஆட்சியாளர்கள் அறியாமல் பயன்படுத்தவில்லை. 1837இல் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் தண்டனைச் சட்டத்தின் வரைவைத் தயாரித்தது. தீவாந்தரத் தண்டனையைப் பற்றி அதில் ஒரு குறிப்பு உண்டு. அதன் கருத்தை என் சொற்களில் சொல்கிறேன். இந்த நாட்டு மக்கள், அதிலும் கடலுக்குத் தொலைவில் வாழ்கிறவர்கள், இந்தத் தண்டனைக்கு விசேஷமாக அஞ்சுகிறார்கள். உண்மையில் அது தரும் துன்பத்தைவிட அது எழுப்பும் திகில் பெரிது. போனவன் என்ன ஆனான் என்று தெரியாமலிருப்பதில்தான் அந்தத் திகில் இருக்கிறது. ஆகவே போனவர்கள் திரும்பி வந்து கதை சொல்ல விடக்கூடாது. கடலுக்குத் தொலைவில் வாழ்கிறவர்கள் என்று அவர் சொன்னது யாரை? நம்மைத்தான். கார்வேட்டிநகரம் ஜமீனில் இந்த மலையடிவாரத்தில் உழுதும் நெய்தும் வாழ்ந்தவர்களை. உப்பு வாங்கப் போன பேரனுக்காகத் திண்ணையில் நின்ற என் பாட்டியை. அவர் சொல்லிய அந்த வார்த்தைக்குள் திரும்பாதவன் என்ற பொருள் தானாக வரவில்லை. கல்கத்தாவில் மேசை போட்டு உட்கார்ந்து அதை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் போனவர்கள் வெறும் கைதிகளாகவே முடிந்துவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். 1825இல் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டவர்களும், பிறகு சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்களும்தான் அந்த நகரத்தின் சாலைகளைப் போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்கு உழைத்தார்கள், இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவைக் கட்டினார்கள். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் புனித ஆண்ட்ரூ தேவாலயத்துக்குள் சிறிது நேரம் நின்று பாருங்கள். 1856 முதல் 1861 வரை கைதிகள் கட்டியது. அதன் வெள்ளைச் சுவருக்கு 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று பெயர். சுட்ட சுண்ணாம்பைச் சலித்து, அதில் முட்டையின் வெள்ளைக்கருவையும் வெல்லத்தையும் போட்டு, கூழாகும்வரை இடிக்க வேண்டும். தேங்காய் மட்டையை ஊறவைத்த தண்ணீரைச் சேர்த்துப் பிசைய வேண்டும். சுவரில் பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்க்க வேண்டும். அங்கே கைதிகளை மேற்பார்த்த மெக்நேர் என்ற அதிகாரி இந்தப் பக்குவத்தை வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். நம் பழைய வீடுகளின் சுவரிலும் தரையிலும் கை வைத்தால் சில்லென்று இருக்குமே, அதே பக்குவம்தான். மண்ணைப் பறித்தார்கள், பெயரைப் பறித்தார்கள், நெற்றியைக்கூடப் பறித்தார்கள். கை அறிந்த வித்தையைப் பறிக்க முடியவில்லை.

1858 மார்ச்சில் அந்தமானில் நிரந்தரக் குடியேற்றம் தொடங்கியது. 1862 ஜனவரி 1இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 53ஆம் பிரிவில் தூக்குக்கு அடுத்த இடம் இந்தத் தண்டனைக்கு. அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு ஐரோப்பியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் மட்டும் இதற்குப் பதிலாக வேறொரு தண்டனையை வைத்தது. ஒரே குற்றம், ஒரே நீதிமன்றம். கடல் மட்டும் நமக்கு. மக்கள் மொழியில் அதைச் சொல்லப் பழைய சொல் காத்திருந்தது. தமிழில் தீவாந்தர சிட்சை, தெலுங்கில் த்வீபாந்தரவாச சிட்ச, வங்காளத்தில் த்வீபாந்தர். நம் ஊர்ப் பக்கத்தில் இரண்டு மொழிக்காரர்களுக்கும் அது ஒரே சொல்லாகவே காதில் விழுந்தது. அந்தமானிலிருந்து மீண்ட பாரீந்திர கோஷ் தன் நூலுக்கு வைத்த பெயரே 'த்வீபாந்தரேர் கதா'.

குற்றமே செய்யாமல் கப்பலேறியவர்களும் நம் பகுதியில் பலர் உண்டு. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. அதன் பிறகான ஐம்பது ஆண்டுகளில் அப்படிப் போனவர்களில் வட ஆர்க்காட்டார் ஏராளம். திருத்தணி அன்று வட ஆர்க்காட்டில் இருந்தது. டர்பனில் இன்றும் காவடி எடுக்கிறார்கள். அந்த ஒப்பந்தக் கதை தனியாக ஒரு நாள் பேச வேண்டியது. இங்கே இதை மட்டும் சொல்கிறேன்: இந்த ஊரில் வீட்டுக்கு வீடு தீவாந்தரம் என்ற சொல் நிலைத்ததற்கு நீதிமன்றம் மட்டும் காரணமில்லை.

இப்போது வ.உ.சி.க்கு வருகிறேன். கப்பல் கை மாறியதால் சொல் மாறியது என்றேன். கப்பலை மீட்டால் சொல்லும் மீளும் என்று காட்டியவர் அவர். 1906 அக்டோபர் 16இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்ச ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அடுத்த ஆண்டே காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. அவை எங்கே போயின? கொழும்புக்கு. வேறொரு தீவுக்கு. சொல்லுக்குச் சொல் அவை தீவாந்தரக் கப்பல்கள். ஏறுகிறவர் தம் விருப்பத்தால் சீட்டு வாங்கி ஏறினார், வேலை முடிந்தால் திரும்பி வந்தார். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டமாகக் குறைத்தும் சனங்கள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். இது வெறும் வியாபாரப் போட்டியாக இருந்திருந்தால் அரசு அவ்வளவு பதறியிருக்காது.

1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார். ஜூலை 7இல் திருநெல்வேலி கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு இருபது ஆண்டுத் தீவாந்தரம், சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கு இருபது ஆண்டுத் தீவாந்தரம், ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது. அப்போது வ.உ.சி.க்கு வயது 35. கடலைத் தமிழனுக்குத் திருப்பித் தர முயன்றவருக்கு அந்தக் கடலையே தண்டனையாகக் கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. கடைசியில் அவரை அந்தமானுக்கு அனுப்பவும் இல்லை. கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் அடைத்தார்கள். கப்பல் ஓட்டியவரைச் செக்கில் கட்டினார்கள். கப்பல் போகும் திசைக்கு எல்லை இல்லை. செக்கோ நின்ற இடத்தையே சுற்றும். சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் அந்தக் கற்செக்கை வைத்திருக்கிறார்கள். நான் போனபோது அதன் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் ஊறி ஊறிக் கருத்த கல் உள்வாய்ப் பக்கம் கண்ணாடி போலத் தேய்ந்திருந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, கப்பல் இல்லை. வரவேற்கக் கூட்டமும் இல்லை.

அவரை நமக்குத் திரும்ப நினைவூட்டியவர் யார் என்பதைத் திருத்தணியில் நின்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுக்கிறது. ம.பொ.சி. 1944இல் 'கப்பலோட்டிய தமிழன்' என்று நூல் எழுதி, அந்தப் பெயரையே வ.உ.சி.யின் பெயராக்கியவர் அவர். 1961இல் பந்துலு எடுத்த திரைப்படத்துக்கும் அந்த நூல்தான் அடிப்படை. அதே ம.பொ.சி.தான் 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு போய்விட்ட திருத்தணிக்காக வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார். 1960 ஏப்ரல் 1இல் படாஸ்கர் தீர்ப்பின்படி இந்த ஊர் சென்னை மாநிலத்துக்கு வந்தது. தூத்துக்குடிக் கப்பலும் திருத்தணி மலையும் ஒரே மனிதரின் நெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. வ.உ.சி. பிறந்தது 1872 செப்டம்பர் 5. இந்த ஊரில் ராதாகிருஷ்ணன் பிறந்தது 1888 செப்டம்பர் 5. நம் பள்ளிகள் ஆசிரியர் தினம் கொண்டாடும் அன்று வ.உ.சி. படத்துக்கும் ஒரு மாலை போடலாம் என்பது என் வேண்டுகோள்.

திருத்தணி ஆந்திரத்தில் இருந்த அந்த ஆறரை ஆண்டுகளுக்குள்ளேயே நம் சொல்லின் தண்டனைக் காலமும் முடிந்தது. 1955ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் தண்டனைச் சட்டத்திலிருந்து நாடு கடத்தும் தண்டனையை நீக்கி, அந்த இடத்தில் ஆயுள் சிறையை வைத்தது. 1956 ஜனவரி 1 முதல் இந்தியாவில் யாருக்கும் தீவாந்தரம் விதிக்க முடியாது. அந்தமான் தலைநகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஸ்ரீவிஜயம், ராஜேந்திரன் படையெடுத்த கடல் அரசின் பெயர். சட்டத்தில் இடமிழந்த சொல் பேச்சிலும் மெல்ல மறைந்து, இன்றைய மாணவர்களில் பலருக்குப் புதிய சொல்லாகவே ஆகிவிட்டது. முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகளின் முகத்தில் அதைப் பார்க்கிறேன். அது மறைவதில் எனக்கு வருத்தம் இல்லை. தண்டனையாக மட்டுமே நினைவில் நின்று மறைவதில்தான் வருத்தம். கிராம்புக் காற்றும், பறங்கிப்பட்டையும், பாரூஸ் கல்வெட்டும், காலியாவும் லாவோவும் அந்தச் சொல்லுக்குள் இருந்தன.

2024 ஆகஸ்டில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு மீண்டும் பயணிகள் கப்பல் புறப்பட்டது. காலையில் ஏறினால் மதியத்துக்குள் அந்தத் தீவில் இறங்கிவிடலாம். கப்பலின் பெயர் சிவகங்கை.